சூஜோவா, ஹாங்ஜோவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாங்காய்க்கு டிக்கெட் போட்டவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். பக்கத்திலேயே இரண்டு பழைய தோட்ட நகரங்கள் இருக்கின்றன, கையிலோ ஓரிரு நாள்தான். எதற்குப் போவது? தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் பேச்சிலேயே இருக்கின்றன. முதலில் எளிய சந்தேகங்கள், போகப்போகச் சிக்கலானவை.

முதல்ல இதைச் சொல்லுங்க. இந்த ரெண்டு ஊரும் எங்கே இருக்கு? ஏன் எப்பவும் சேர்த்தே பேசுறாங்க?

இரண்டும் கிழக்குச் சீனாவில், யாங்சி ஆறு கடலில் சேரும் தாழ்ந்த சமவெளியில் இருக்கின்றன. சூஜோ ஜியாங்சு மாநிலத்தில், ஷாங்காய்க்கு மேற்கே சுமார் 85 கிலோமீட்டர் தூரம். அதிவேக ரயிலில் அரை மணி நேரம். ஹாங்ஜோ ஜெஜியாங் மாநிலத்தின் தலைநகரம். ஷாங்காய்க்குத் தென்மேற்கே ஏறத்தாழ 165 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம்.

சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் ஒரு பழமொழி. 'மேலே சொர்க்கம் உண்டு, கீழே சூஜோவும் ஹாங்ஜோவும் உண்டு' என்று சோங் வம்சக் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். சூஜோ கி.மு. 514-இல் வூ நாட்டின் தலைநகரமாகக் கட்டப்பட்ட ஊர். ஹாங்ஜோ 1138 முதல் 1276 வரை தெற்கு சோங் அரசின் தலைநகரம். பெய்ஜிங்கிலிருந்து வரும் பெருங்கால்வாய் சூஜோ வழியாக வந்து ஹாங்ஜோவில் முடிகிறது. நெல்லும் பட்டும் அந்த வழியில் போயின, பணம் இந்த ஊர்களில் தங்கியது. பதவியை விட்டு வந்த அதிகாரிகளும் பெரிய வணிகர்களும் இங்கேயே வீடு கட்டிக் குடியேறினார்கள்.

ரெண்டும் தோட்டம்தானே? அப்படி என்ன வித்தியாசம்?

சூஜோவில் நீங்கள் பார்ப்பது வீட்டுத் தோட்டம். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஒரு சின்ன வாசல், ஓர் இருட்டான நடை, அதைத் தாண்டினால் குளம், பாறை, மண்டபம். எல்லாம் மனிதன் வைத்தது. ஒரு குடும்பமும் அதன் விருந்தினர்களும் பார்க்க வைத்தது.

ஹாங்ஜோவில் சுவரே கிடையாது. ஆறரை சதுர கிலோமீட்டர் பரப்பில் மேற்கு ஏரி, மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் நகரம். ஊரே அந்த ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. யுனெஸ்கோவும் இரண்டையும் வேறு வேறு வகையாகத்தான் பட்டியலில் சேர்த்தது. சூஜோவில் 1997-இல் நான்கு தோட்டங்கள், 2000-இல் இன்னும் ஐந்து. ஹாங்ஜோவில் 2011-இல் ஏரியும் மலையும் கோயிலும் சேர்ந்த மொத்த நிலப்பரப்பு.

சூஜோ தோட்டத்துல கல்லும் குளமும்தானே இருக்கு? பூக்கூட அதிகம் இல்லையாமே. என்னத்தைப் பார்க்கறது?

பூ பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். இவை நடந்து நடந்து பார்வை மாறுவதற்காகக் கட்டப்பட்டவை. வாங்ஷி யுவான் (யுவான் என்றால் தோட்டம்) என்ற வலைக்காரர் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு சேர்த்து ஒன்றரை ஏக்கர்கூட வராது. ஆனால் நடுக் குளத்தங்கரையில் நிற்கும்போது இடம் பெரிதாகத் தெரியும். காரணம் தேடினால் குளத்தின் தென்கிழக்கு மூலையில் கிடைக்கும். அங்கே தண்ணீர் ஒரு குறுகிய ஓடையாகச் சுருங்கிப் பாறை இடுக்குக்குள் மறைகிறது. இன்னும் எங்கோ நீண்டு போகிறது என்று கண் நம்பிவிடும். அந்த ஓடையின் மேல் ஒரு கல் வளைவுப் பாலம், நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு, மூன்று எட்டில் தாண்டிவிடலாம். பாலம் அவ்வளவு சிறியதாக இருப்பதால் எதிரே உள்ள குளம் பெரியதாகிவிடுகிறது. பெரிய பாலம் போட்டிருந்தால் குளம் தொட்டியாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு உத்தி, வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்வது. ஜுவோஜெங் யுவான் என்ற எளிய அதிகாரியின் தோட்டத்தில் குளத்தின் கிழக்கு முனையில் நின்று மேற்கே பாருங்கள். மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் எழும்பி நிற்கும், அதன் நிழல் குளத்தில் விழும். அது தோட்டத்துக்குச் சொந்தமானதே இல்லை. தெருக்களைத் தாண்டி நிற்கும் பெய்சி கோயிலின் 76 மீட்டர் கோபுரம். அதே தோட்டத்தில் மழையைக் கேட்பதற்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது. பக்கத்தில் வாழை வைத்திருக்கிறார்கள், எதிரே குளத்தில் தாமரை. இலையில் மழை விழும் சத்தத்துக்காக வாழை நட்டார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கல். சூஜோவுக்குப் பக்கத்தில் உள்ள தாய் (Tai) என்ற ஏரியிலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கல், தண்ணீர் அரித்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். மெலிவு, சுருக்கம், ஓட்டை, ஊடுருவும் வெளிச்சம் என்று அதற்குத் தரம் பிரிக்கும் இலக்கணமே வைத்திருந்தார்கள். லியூ யுவான் என்ற இன்னொரு தோட்டத்தில் ஆறரை மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது. எனக்கு அது பிடிபட நேரமானது. வெள்ளைச் சுவர்தான் தாள், கல்லும் மூங்கிலும் அதில் தீட்டிய மை என்று யோசித்துப் பாருங்கள், சீக்கிரம் புரிந்துவிடும்.

ஹாங்ஜோவுல ஏரியைச் சுத்தி வர்றதைத் தவிர என்ன இருக்கு?

ஏரியைச் சுற்றி வருவதே பெரிய வேலைதான், 15 கிலோமீட்டர். ஆனால் அந்த ஏரி தானாக அப்படி இருக்கவில்லை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அது சியான்டாங் ஆற்று முகத்துவாரத்தோடு சேர்ந்த கழி. வண்டல் அடைத்து ஏரியானது. விட்டிருந்தால் தூர்ந்து வயலாகியிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தூர்வாரித் தூர்வாரித்தான் வைத்திருக்கிறார்கள்.

தூர்வாரினால் சேற்றை எங்கே கொட்டுவது? 1089-இல் ஆட்சியராக வந்த கவிஞர் சு டோங்போ அதற்குச் சொன்ன பதில்தான் இன்று நீங்கள் நடக்கப்போகும் சு கரை. ஏரியின் குறுக்கே 2.8 கிலோமீட்டர், ஆறு பாலங்கள், இரு பக்கமும் வில்லோ மரமும் பீச் மரமும். பின்னால் மிங் காலத்தில் வாரிய மண் 1607-இல் சியாவோயிங்ஜோ தீவானது. ஏரிக்குள் தீவு, தீவுக்குள் நான்கு குளம். 1800-இல் வாரிய மண் இன்னொரு சின்னத் தீவு. சீனர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பொதுப்பணி வேலையை முடித்துவிட்டு அதற்கு ஒரு கவிதையும் எழுதி, காட்சிக்குப் பெயரும் வைத்துவிடுவார்கள். தீவுக்குத் தெற்கே தண்ணீரில் நிற்கும் மூன்று கல் விளக்குகள் சீனப் பணமான ஒரு யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. படகில் போகும் எல்லோரும் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள்.

ஏரிக்கு மேற்கே லிங்யின் கோயில். 328-இல் ஹுய்லி என்ற இந்தியத் துறவி நிறுவியது என்பது கோயில் மரபு. எதிரே இருந்த குன்றைப் பார்த்து, இது எங்கள் நாட்டுக் கழுகுமலையாயிற்றே, இங்கே எப்படிப் பறந்து வந்தது என்று அவர் கேட்டாராம். குன்றுக்குப் பெயரே 'பறந்து வந்த குன்று' என்றாகிவிட்டது. அவர் சொன்னது ராஜகிருகத்தில் புத்தர் போதித்த கிருத்ரகூட மலை. குன்றின் குகைகளிலும் முகப்பிலும் பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை செதுக்கிய சிலைகள் முந்நூறுக்கும் மேல். அதற்குத் தெற்கே மலைச் சரிவுகளில் லோங்ஜிங் தேயிலைத் தோட்டங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பகல் போதாது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. முதல் தடவை போறேன், எது?

ஓர் இரவு தங்க முடியும் என்றால் ஹாங்ஜோ. தங்க முடியாது, காலையில் போய் மாலையில் ஷாங்காய் திரும்ப வேண்டும் என்றால் சூஜோ.

ஹாங்ஜோவின் நல்ல நேரம் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும். நடுப்பகலில் போய் இறங்கினால் ஏரிக்கரையில் செல்ஃபி குச்சிகளைத்தான் பார்ப்பீர்கள். காலையில் ஊர்க்காரர்கள் வந்து தாய்ச்சி செய்வார்கள், ஈரத் தூரிகையால் தரைக்கல்லில் எழுத்து எழுதுவார்கள், மூடுபனிக்குள் மலை மூன்று நான்கு அடுக்காகத் தெரியும். சூஜோவிலோ தோட்டங்கள் எல்லாம் பகல் நேரத்தில்தான் திறந்திருக்கும். அங்கே பகல் போதும்.

எனக்கு நடக்கறது பிடிக்காது. ஆனா கலை, கட்டடம், வரலாறு எல்லாம் பிடிக்கும். அப்பவும் ஹாங்ஜோவா?

அப்போது தயங்காமல் சூஜோ. முந்தைய பதிலில் சொன்னது பொதுவான ஆளுக்கு. தோட்டங்களோடு சூஜோ அருங்காட்சியகமும் சேர்ந்துகொள்கிறது. 2006-இல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஐ. எம். பெய், பாரிஸ் லூவ்ர் கண்ணாடிப் பிரமிடைக் கட்டியவர். அவர் குடும்பம் சூஜோக்காரர்கள். ஷிஜிலின் என்ற சிங்கத் தோப்புத் தோட்டம் ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்தின் சொத்து. அருங்காட்சியக முற்றத்தில் பக்கத்துத் தோட்டத்தின் வெள்ளைச் சுவரையே பின்னணியாக வைத்து, அறுத்த கற்பலகைகளால் மலைத்தொடர் அடுக்கியிருக்கிறார். நுழைவு இலவசம், முன்பதிவு கட்டாயம், திங்கட்கிழமை விடுமுறை. பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

குன்ச்சு இசைநாடகம் பிறந்த வட்டாரமும் இதுதான். தோட்ட மண்டபங்களிலும் பிங்ஜியாங் தெருத் தேநீர்க் கடைகளிலும் துண்டு துண்டாகக் கேட்கலாம். வாங்ஷி யுவானில் வெயில் பருவத்து இரவுகளில் தனி நிகழ்ச்சி உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு பாடல், ஒரு வாத்தியம், பார்ப்பவர்கள் அறை அறையாக நகர்வார்கள். அன்று சூஜோவிலேயே தங்கிவிடுங்கள்.

ஒன்பது தோட்டத்துல எதை எதைப் பார்க்கணும்? எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கலாமா?

முடிக்கலாம், மூன்றாவதுக்கு அப்புறம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

பெரியதில் ஜுவோஜெங் யுவான்தான் எல்லோரும் போவது. சுமார் 13 ஏக்கர். வாங் சியான்செங் என்ற அதிகாரி வேலையை விட்டு வந்து 1509-இல் தொடங்கியது. அவர் மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் இதைத் தோற்றுவிட்டான் என்று கதை. கதவு திறக்கும் நேரத்துக்கே போனால் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைக்கும், அப்புறம் கொடி பிடித்த வழிகாட்டிகளின் ஒலிபெருக்கிதான். கூட்டம் ஒத்துவராது என்றால் லியூ யுவான் போங்கள். கட்டட நுணுக்கம் அங்கேதான் அதிகம். 700 மீட்டர் அளவுக்குக் கூரை போட்ட நடைபாதை, அதன் சுவரில் சன்னல் சன்னலாகத் தோட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டுவார்கள்.

சிறியதில் என் தேர்வு வாங்ஷி யுவான், காரணம் மேலே சொல்லியாயிற்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981-இல் சீனத் தோட்டம் ஒன்று அமைத்தபோது மாதிரியாக எடுத்துக்கொண்டது இதன் ஒரு முற்றத்தைத்தான். சூஜோவிலிருந்து கைவினைஞர்கள் போய்க் கட்டினார்கள். யாரும் அதிகம் வராத இடம் வேண்டுமென்றால் யீ பூ. சந்துக்குள் தேடிப் போக வேண்டும். உள்ளூர்ப் பெரியவர்கள் தேநீர் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எது வசதி?

ஹாங்ஜோ. ஏரிக்கரை சமதளம், உட்கார நிறைய இடம், படகு உண்டு, கரையோரம் மின்வண்டியும் ஓடுகிறது. கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். லிங்யின் கோயிலில் மட்டும் படிகள் உண்டு. ஏரிக்கரையில் உள்ள லெய்ஃபெங் கோபுரத்தில் நகரும் படிக்கட்டும் லிஃப்டும் இருப்பதால் அம்மாவும் மேலே போய் ஏரி முழுவதையும் பார்க்கலாம்.

சூஜோ தோட்டங்களில் உயரமான வாசற்படிகள், கூழாங்கல் பதித்த தரை, கைப்பிடி இல்லாத கல் பாலம் எல்லாம் உண்டு. போகவே கூடாது என்றில்லை. லியூ யுவான் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் படகிலும் அருங்காட்சியகத்திலும் கழிக்கலாம்.

சின்னப் பசங்க இருக்காங்க, தோட்டத்துல போரடிக்குமே?

ஷிஜிலினுக்குக் கூட்டிப் போங்கள். 1342-இல் ஒரு துறவி தன் குருவுக்காக அமைத்த மடம் அது. இன்றைக்குப் பிள்ளைகளின் கண்ணாமூச்சிக் களம். பாறைகளைக் குடைந்து சுற்றுவழி போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் குரல் கேட்கும் ஆளைப் பத்து நிமிடம் தேடலாம். ஹாங்ஜோவில் படகும் சைக்கிளும் போதும்.

எந்த மாசம் போகலாம்?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை முதல் தேர்வு. சு கரையில் பீச் பூக்கும், வில்லோ துளிர்க்கும், லோங்ஜிங் கிராமங்களில் ஏப்ரல் தொடக்கத்து ச்சிங்மிங் நாளுக்கு முன் பறிக்கும் முதல் தேயிலையை இரும்புச் சட்டியில் வெறுங்கையால் வறுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர். ஒஸ்மந்தஸ் பூ மணம் ஹாங்ஜோவின் மான்ஜுவேலோங் கிராமத்தை அதன் தொடக்க நாட்களில் நிறைத்திருக்கும். சூஜோவுக்கு அருகில் யாங்செங் ஏரி நண்டு பருவமும் அதுவே.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை விடாத தூறல். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல், அதோடு புழுக்கம். சென்னை வெயில் பழகியவர்களும் சோர்ந்துவிடுவார்கள், ஆனால் தாமரை அப்போதுதான். குளிர்காலம் ஈரக் குளிர், கூட்டம் குறைவு. அக்டோபர் 1 முதல் 7 வரையும் மே 1 முதல் 5 வரையும் இரண்டு ஊர்ப்பக்கமும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அந்த நாட்களில் சீனாவே விடுமுறையில் இருக்கும், பாதிப் பேர் மேற்கு ஏரியில்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும்.

போற அன்னைக்கு மழை பெஞ்சா?

சூஜோவுக்கு அது நல்ல செய்தி. கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, வாழை இலை இருக்கிறது, கூட்டமும் பாதியாகிவிடும். ஹாங்ஜோவிலும் சு டோங்போ, ஏரி வெயிலிலும் அழகு, மழையிலும் அழகு என்று பாடி வைத்திருக்கிறார். உண்மைதான், ஆனால் பலத்த மழையில் படகு ஓடாது, மலைகள் மறைந்துவிடும். தூறல் என்றால் ஹாங்ஜோ, கொட்டினால் சூஜோ.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?

இந்த விஷயத்தில் ஹாங்ஜோ கொஞ்சம் முன்னால் நிற்கிறது. லிங்யின் கோயில் வட்டாரத்தில் பௌத்த சைவ உணவு கிடைக்கும். டோஃபு, காளான், மூங்கில் குருத்து, தாமரைக் கிழங்கு. பௌத்த சமையலில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். சூஜோவிலும் கோயில்களை ஒட்டிக் காளான் நூடுல்ஸ் கிடைக்கும். சூஜோ சமையலில் சர்க்கரை தாராளம், காரம் தேடுபவர்கள் ஊறுகாய் எடுத்துப் போவது நல்லது.

சாதாரண உணவகத்தில் 'காய்கறி' என்று கேட்டால் மட்டும் போதாது. பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, காய்ந்த இறால் எது வேண்டுமானாலும் அதில் சேரும். 'வோ ச்சீ சூ' என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். கூடவே எதெல்லாம் கூடாது என்று சீன மொழியில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். ஹலால் வேண்டுவோருக்கு லான்ஜோ நூடுல்ஸ் கடைகள் இரண்டு ஊரிலும் உண்டு. ஹாங்ஜோவில் பழமையான ஃபீனிக்ஸ் பள்ளிவாசலும் இருக்கிறது.

செலவு எதுக்கு அதிகம்?

சுற்றிப் பார்ப்பதற்கு சூஜோ, தங்குவதற்கு ஹாங்ஜோ. சூஜோவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிச் சீட்டு. ஜுவோஜெங் யுவானுக்கு 70–80 யுவான், மற்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. மேற்கு ஏரிக்கரை 2002-லிருந்து இலவசம், படகுக்கும் சில இடங்களுக்கும் மட்டும் கட்டணம். ஆனால் ஏரியைப் பார்த்த ஹோட்டல் அறை, அதுவும் சனிக்கிழமை இரவு என்றால், கையைக் கடிக்கும்.

ஹாங்ஜோவில் பணம் கரையும் இன்னொரு இடம் தேயிலை. 'வீட்டுக்கு வாங்க, சும்மா குடிச்சுப் பாருங்க' என்று ஆட்டோக்காரர்போல் விடாமல் அழைப்பார்கள். குடியுங்கள், ஆனால் ச்சிங்மிங்குக்கு முந்தைய லோங்ஜிங் ஒருபோதும் மலிவாகக் கிடைக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு குடியுங்கள்.

விசா, பணம், போன் இதுக்கெல்லாம் ரெண்டு ஊருக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?

கிடையாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா வேண்டாம். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டுப் போங்கள், தெருவோரப் பழக்கடையிலும் அதுதான் ஓடும். கூகுள், வாட்ஸ்அப் சீன சிம்மில் திறக்காது. உங்கள் நாட்டு சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் வேலை செய்யும். ரயிலுக்கும் தோட்டத்துக்கும் கடவுச்சீட்டுதான் அடையாளம், எப்போதும் கையில் இருக்கட்டும்.

சூஜோவை 'கிழக்கின் வெனிஸ்'னு சொன்னாங்க. வீடியோவுல பார்த்தா கண்ணாடிக் கட்டடமா இருக்கு. ஏமாத்துறாங்களா?

சூஜோ 2020 கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே 27 லட்சம் பேர் வாழும் தொழில் நகரம். ஹாங்ஜோவும் ஏறக்குறைய அதே அளவு. வாய்க்காலும் வெள்ளைச் சுவரும் இருப்பது அகழிக்கு உள்ளே இருக்கும் பழைய ஊரில், 14 சதுர கிலோமீட்டரில். அங்கே 24 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருப்பதால் வானம் இன்னும் மிச்சமிருக்கிறது. 1229-இல் கல்லில் செதுக்கிய ஊர் வரைபடத்தில் இருக்கும் தெருக்களும் வாய்க்கால்களும் பல இன்றும் அதே இடத்தில்தான். தங்கினால் அகழிக்கு உள்ளே தங்குங்கள். பிங்ஜியாங் தெருவைக் காலை எட்டு மணிக்கு முன் நடந்துவிட்டு, அதிலிருந்து பிரியும் சந்துகளில் நுழையுங்கள்.

இதெல்லாம் நிஜமாவே பழசா, இல்ல புதுசாக் கட்டி வெச்சதா?

கலவைதான். 1860-களின் தைப்பிங் கிளர்ச்சிப் போரில் இரண்டு ஊரும் நாசமாயின. நீங்கள் பார்க்கும் தோட்ட மண்டபங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் கட்டியவை. அமைப்பும் குளமும் கல்லும் பழையவை, மரமும் ஓடும் புதியவை. லெய்ஃபெங் கோபுரம் 975-இல் கட்டியது. செங்கல்லில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று மக்கள் பிடுங்கிப் பிடுங்கி 1924-இல் சரிந்து விழுந்தது. இன்று நிற்பது 2002-இல் கட்டியது. பழைய கோபுரத்தின் செங்கல் குவியலைக் கண்ணாடிக்குள் வைத்து அதன் மேலேயே எழுப்பியிருக்கிறார்கள்.

அசல் பழசு வேண்டுமென்றால் சூஜோவில் புலிக்குன்றின் செங்கல் கோபுரம், 961-இல் முடிந்தது, கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து நிற்கிறது. ஹாங்ஜோவில் மேலே சொன்ன குன்றுச் சிற்பங்கள்.

பெய்ஜிங்ல கோடை அரண்மனை பார்த்தாச்சு. அங்கேயே ஏரி, கரை, பாலம் எல்லாம் இருக்கே. இன்னும் எதுக்கு?

பெய்ஜிங்கில் பார்த்தது நகல். சியன்லோங் பேரரசர் தெற்கின் அழகில் மயங்கிக் கட்டச் சொன்னது. கோடை அரண்மனை ஏரியின் மேற்குக் கரையில் ஆறு பாலங்கள் இருப்பது சு கரையைப் பார்த்து. அங்கே 'சூஜோ தெரு' ஒன்றும் உண்டு. சிங்கத் தோப்பின்மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனையிலும், வடக்கே செங்தேயில் இருந்த அரச கோடை மாளிகையிலும் அதைப் போலவே அமைக்கச் செய்தார். ஆனால் பேரரசர் கட்டினால் எல்லாமே பெரிதாகிவிடுகிறது, வண்ணம் ஏறிவிடுகிறது. வாங்ஷி யுவானின் மூன்று எட்டுப் பாலத்தை அவர் கட்டவில்லை. பெய்ஜிங் பார்த்தவர்களுக்கு நான் சூஜோவைத்தான் சொல்வேன்.

மூணு நாள் இருக்கு. ரெண்டையும் பார்த்துட்டு ஷாங்காய் திரும்பாம வந்துட முடியுமா?

முடியும். ஷாங்காயில் இறங்கி முதலில் சூஜோ, அப்புறம் ஹாங்ஜோ, அங்கிருந்தே விமானம். ஹாங்ஜோவிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் உண்டு. சூஜோவுக்கு விமான நிலையம் இல்லை, அதனால் இந்த வரிசைதான் வசதி. இரண்டு ஊருக்கும் இடையே நேரடி ரயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், பெரும்பாலும் ஷாங்காயைச் சுற்றிக்கொண்டு போகும். முதல் இரவு சூஜோ, இரண்டாவது இரவு ஹாங்ஜோ. சுவருக்குள் அடைத்த தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு ஏரிக்குப் போனால் மூச்சு விட்டாற்போல் இருக்கும்.

ரயில் டிக்கெட் ஆப்ல சூஜோ மாதிரியே ரெண்டு மூணு ஊர் வருது. எதை அழுத்தறது?

கவனமாகப் பாருங்கள். நமக்கு வேண்டியது ஜியாங்சு மாநிலத்துச் சூஜோ. அன்ஹுய் மாநிலத்தில் இன்னொரு சூஜோ இருக்கிறது. சீன எழுத்து வேறு, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றேதான். ஜியாங்சுவிலேயே வடக்கே சுயூஜோ என்றொரு ஊர், அதன் முதல் எழுத்து எக்ஸ். ஷாங்காயிலிருந்து அரை மணி நேரம் என்று காட்டினால் சரியான ஊர். பல மணி நேரம் என்று காட்டினால் விட்டுவிடுங்கள்.

சரியான ஊரிலும் நிலையங்கள் பல. வெறும் 'சூஜோ' நிலையம்தான் பழைய ஊருக்குப் பக்கம். வடக்கு நிலையம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அங்கிருந்து மெட்ரோ இரண்டாம் வழித்தடத்தில் வர வேண்டும். ஹாங்ஜோவில் பெரும்பாலான ரயில்கள் கிழக்கு நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து மெட்ரோ முதல் வழித்தடத்தில் ஏறி லோங்சியாங்ச்சியாவோவில் இறங்கினால் ஏரிக்கு ஐந்து நிமிட நடை.